சுரங்கத்தில் உயிர்காப்பு ஹெல்மெட்டுக்கு வெகு முன்பே தொடங்குகிறது

கேள்வி இதுதான்: புதிதாக ஒரு சுரங்கம் தொடங்கிக் கனிம வளத்தை எடுக்கும்போது, அங்கே வேலை செய்பவர்களின் உடல்நலத்தையும் உயிரையும் எப்படிக் காப்பது? ஹெல்மெட், மாஸ்க், பூட்ஸ் கொடுத்து நல்ல பயிற்சியும் கொடுத்துவிட்டால் போதாதா?

போதாது. சுரங்கக் காற்றோட்டத்திலும் தூசு அளவீட்டிலும் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹெல்மெட்டும் மாஸ்க்கும் வேண்டும்தான். ஆனால் ஒரு சுரங்கத்திலிருந்து யார் உயிரோடு திரும்புவார், யாருடைய நுரையீரல் ஐம்பது வயதில் கெட்டியாகிப் போகும் என்பதில் பெரும்பகுதி, முதல் தொழிலாளி உள்ளே இறங்கும் முன்பே வரைபட மேசையில் முடிவாகிவிடுகிறது. காற்று எந்த வழியாக வரும், எந்த வழியாகப் போகும், வெளியேற இரண்டாவது வழி எங்கே, தண்ணீர் எங்கே தேங்கியிருக்கிறது, பாறையை ஈரமாக வெட்டுவோமா உலர்வாக வெட்டுவோமா என்பதெல்லாம் அங்கே தீர்மானமாகிறவை. மீதிப் பகுதி, "இங்கே ஆபத்து, வேலையை நிறுத்துகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அவருடைய கூலி போகுமா போகாதா என்பதில் இருக்கிறது.

கருவியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1812இல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் மீத்தேன் என்ற எரிவாயு வெடித்து 92 பேர் இறந்தார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் ஹம்ஃப்ரி டேவி 1815இல் தன் பாதுகாப்பு விளக்கை உருவாக்கினார். சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பி வலை இருக்கும். வலை வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் வெளியே உள்ள வாயுவில் தீ பற்றாது. அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அதற்குப் பிறகும் வெடிவிபத்துகள் எதிர்பார்த்தபடி குறையவில்லை. வாயு அதிகம் என்று முன்பு கைவிட்டிருந்த நிலக்கரி அடுக்குகளில், "இப்போதுதான் விளக்கு இருக்கிறதே" என்று ஆட்களை இறக்கினார்கள். காற்றோட்டத்தைச் சீர்செய்யும் செலவு தள்ளிப்போடப்பட்டது. இருநூறு வருடம் கழித்தும் இதே கதை புதுப்புது கருவிகளோடு நடக்கிறது. ஒரு பாதுகாப்புக் கருவி வந்தால், அது ஆபத்தைக் குறைக்கிறதா, இல்லை இன்னும் ஆபத்தான இடத்துக்குப் போக அனுமதிச் சீட்டாக மாறுகிறதா என்று கேட்க வேண்டும்.

மாஸ்க் ஏன் கடைசி வரிசையில் நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெப்பமும் ஈரமும் நிறைந்த சுரங்க முகப்பில், அதாவது பாறையை வெட்டும் இடத்தில், எட்டு மணி நேரம் மூச்சடைக்கும் மாஸ்க்கை யாராலும் ஒழுங்காகப் போட்டிருக்க முடியாது. வியர்வையில் அது வழுக்கும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும். பக்கத்தில் இருப்பவருக்கு எச்சரிக்கை கத்தவேண்டும் என்றால் கழற்றித்தான் ஆகவேண்டும். "தொழிலாளிகள் மாஸ்க் போடமாட்டேன் என்கிறார்கள்" என்று குறை சொல்லும் மேலாளர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: அதைப் போட்டுக்கொண்டு ஒரு முழு ஷிப்ட் நீங்கள் டிரில் பிடித்திருக்கிறீர்களா?

சரி, முதலில் தூசு. வெடிவிபத்து செய்தியாகிறது, தூசு ஆகாது. ஆனால் சுரங்கத் தொழிலில் மனிதர்களை அமைதியாக, அதிகமாகக் கொல்வது அதுதான். கண்ணுக்குத் தெரியும் தூசு மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கொல்வது கண்ணுக்குத் தெரியாத தூசு. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான துகள், நுரையீரலின் கடைசிக் காற்றுப் பைகள்வரை போய் உட்கார்ந்துவிடும். அது குவார்ட்ஸ் பாறையிலிருந்து வந்த சிலிக்கா என்றால், அதை விழுங்க வரும் உடலின் காவல் செல்கள் விழுங்கிய பிறகு தாமே இறந்துபோகின்றன. அந்த இடத்தில் தழும்பு உண்டாகிறது. தழும்பு மேல் தழும்பாக நுரையீரல் விரிவதை மறந்துவிடும். இதுதான் சிலிக்கோசிஸ். நிலக்கரித் தூசால் வருவது கருநுரையீரல் நோய். இரண்டுக்கும் குணமாக்கும் மருந்து இல்லை. தூசை விட்டு விலகிய பிறகும் நோய் வளரக்கூடும். சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் வேகமாகப் பிடிக்கும். சிலிக்காத் தூசு புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இலேயே உறுதி செய்துவிட்டது.

இதற்கான தீர்வு நூறு வருடத்துக்கு மேலாகத் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அழுத்தக் காற்றில் ஓடும் டிரில்கள் வந்தபோது, பாறையை உலர்வாகத் துளைத்ததால் எழுந்த தூசில் இளைஞர்கள் சில வருடங்களில் செத்தார்கள். தொழிலாளிகளே அந்த இயந்திரத்துக்கு "விதவையாக்கி" என்று பெயர் வைத்தார்கள். பிறகு டிரில் கம்பியின் நடுவே தண்ணீர் பாயும்படி செய்தார்கள். தூசு பிறக்கும் இடத்திலேயே சேறாகிவிடும். இவ்வளவு எளிது. ஆனாலும் 1930, 31இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில், சிலிக்கா நிறைந்த பாறையில் நீர்மின் திட்டத்துக்கான சுரங்கப்பாதையை அவசரமாக உலர்வாகவே துளைத்தார்கள். நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் சிலிக்கோசிஸால் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அறிவு இல்லாமல் நடந்ததில்லை இது. தண்ணீர் விட்டால் வேலை மெதுவாகும் என்ற கணக்கில் நடந்தது.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் மூன்றே மூன்று கிளினிக்குகளில் 2013 முதல் 2017க்குள் 416 சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கருநுரையீரல் நோயின் மிக மோசமான வடிவம் இருந்ததை ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டார்கள். ஒழிந்துவிட்டது என்று எண்ணியிருந்த நோய் திரும்பியதற்கு ஒரு காரணம், கனமான நிலக்கரி அடுக்குகள் தீர்ந்துபோனது. மெல்லிய அடுக்கை எடுக்கக் கூடவே மேலும் கீழும் உள்ள பாறையையும் இயந்திரம் அரைக்கிறது. நிலக்கரித் தூசோடு சிலிக்காவும் சேர்ந்து வருகிறது. வளம் குறையக் குறைய அதை எடுப்பவரின் நுரையீரல் கூடுதல் விலை கொடுக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் இப்படித்தான். பல பத்தாண்டுகளாக இல்லை என்று நம்பியிருந்த கருநுரையீரல் நோய் 2015இல் மீண்டும் கண்டறியப்பட்டது. தொழிலாளிகளுக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவற்றைப் படித்த முறையிலேயே கோளாறு இருந்தது என்று மறு ஆய்வில் தெரிந்தது. பரிசோதனை நடக்கிறது என்பதும், நோய் கண்டுபிடிக்கப்படுகிறது என்பதும் ஒன்றில்லை.

தூசு அளவீட்டில் நடக்கும் ஏமாற்று பற்றியும் பேசியாக வேண்டும். தொழிலாளியின் சட்டையில் மாட்டவேண்டிய, காற்று மாதிரி எடுக்கும் கருவியை, சுத்தமான காற்று வரும் பாதையில் தொங்கவிட்டுவிடுவார்கள். இல்லையென்றால் அளவெடுக்கும் நாளில் மட்டும் உற்பத்தியைக் குறைத்து ஓட்டுவார்கள். வடிகட்டித் தாளை ஆய்வகத்துக்கு அனுப்பி முடிவு வர வாரங்கள் ஆகும். அதற்குள் அந்தத் தூசு உள்ளே போய்விட்டது. அதனால்தான் தொழிலாளி தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்த ஷிப்டிலேயே தன் கண்ணால் எண்ணைப் பார்க்கும் கருவி மிக முக்கியமான முன்னேற்றம் என்று நினைக்கிறேன். அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் 2016 முதல் இது கட்டாயம். நிலக்கரித் தூசின் வரம்பும் அதே ஆண்டு கன மீட்டருக்கு 1.5 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. சிலிக்காவுக்குத் தனியாக 50 மைக்ரோகிராம் வரம்பு 2024இல் அறிவிக்கப்பட்டு, பிறகு அதன் அமலாக்கம் தள்ளிப்போடப்பட்டது. ஒவ்வொரு ஒத்திவைப்பும் யாரோ ஒருவருடைய மூச்சிலிருந்து எடுக்கப்படும் நாட்கள் என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்து யோசிப்பவர்கள் உணர்வதில்லை.

அப்புறம் வாயு. காற்றில் மீத்தேன் 5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம்வரை இருந்தால் வெடிக்கும். 5க்குக் கீழே இருந்தால் வெடிக்காது. அதற்காக 4 சதவீதத்தில் வேலை செய்யலாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அமெரிக்க விதிப்படி 1 சதவீதத்தை எட்டினாலே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும், 1.5 ஆனால் ஆட்களை வெளியேற்ற வேண்டும். வாயு ஏறினால் இயந்திரத்தை நிறுத்தும் சென்சார் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டி வைத்திருந்ததை நானே ஒரு சுரங்கத்தில் பார்த்திருக்கிறேன். கட்டியவர் கெட்ட மனிதர் இல்லை. இயந்திரம் அடிக்கடி நின்றுபோனால் டன் கணக்கு குறையும், டன் குறைந்தால் அவருடைய குழுவுக்கே ஊக்கத்தொகை குறையும். பையை அவிழ்த்தேன், அவரைத் திட்ட மனம் வரவில்லை. வாயு ஏன் அடிக்கடி ஏறுகிறது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் கிடைக்காது. போதாத மின்விசிறியைத் தேர்ந்தெடுத்த இடத்தில்தான் கிடைக்கும்.

மீத்தேனை விடப் பெரிய அழிவைச் செய்வது அதைத் தொடர்ந்து வரும் நிலக்கரித் தூசு வெடிப்பு. சின்னதாக ஒரு வாயு வெடிப்பு தரையிலும் சுவரிலும் படிந்த தூசைக் கிளப்பிவிடும். கிளம்பிய தூசு அடுத்த தூசைக் கிளப்பி வெடித்துக்கொண்டே கிலோமீட்டர் கணக்கில் ஓடும். பிரான்ஸின் கூரியேர் சுரங்கத்தில் 1906 மார்ச் 10 அன்று இப்படித்தான் 1,099 பேர் இறந்தார்கள். அதற்குச் சில நாள் முன்னால் உள்ளே ஒரு பகுதியில் தீப்பிடித்திருந்தது. தீ அணையும்வரை யாரையும் இறக்க வேண்டாம் என்று தொழிலாளர் பிரதிநிதி கேட்டும் வேலை நடந்தது. தேடுதல் கைவிடப்பட்ட பிறகு, இருபது நாள் கழித்து 13 பேர் தாங்களாகவே இருட்டில் வழி தேடி வெளியே வந்தார்கள்.

தூசு வெடிப்பைத் தடுக்கும் வழி சுண்ணாம்புக்கல் பொடி. நிலக்கரித் தூசு படியும் இடமெல்லாம் இந்தப் பொடியைத் தூவி, கலவையில் எரியாத பங்கை உயர்த்தி வைத்தால் தீ பரவாது. பொடி விலை மலிவு. தூவத்தான் ஆளும் நேரமும் வேண்டும். 2010 ஏப்ரலில் மேற்கு வர்ஜீனியாவின் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கத்தில் 29 பேர் இறந்தபோது விசாரணையில் தெரிந்தது இதுதான்: போதுமான பொடி தூவவில்லை, வெட்டும் இயந்திரத்தின் பற்கள் தேய்ந்திருந்தன, நீர் தெளிப்பான்கள் சரியாக வேலை செய்யவில்லை. ஆபத்துகளை எழுத இரண்டு விதமான கணக்குப் புத்தகங்கள் இருந்தன. ஆய்வாளர் வாசலுக்கு வந்ததும் உள்ளே தகவல் போய்விடும். நிறுவனத் தலைமை நிர்வாகிக்குப் பின்னாளில் ஓராண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனால் என் மனதை விட்டு அகலாதது வேறு ஒன்று. இறந்தவர்களில் 24 பேரின் நுரையீரலைப் பரிசோதிக்க முடிந்தது. அவர்களில் 17 பேருக்குக் கருநுரையீரல் நோய் இருந்தது. அதில் 25 வயது இளைஞரும் இருந்தார். வெடிப்பில் சாகாமல் இருந்திருந்தால் அவர்கள் மெதுவாகச் செத்துக்கொண்டிருந்திருப்பார்கள். "பாதுகாப்பு" ஒரு துறை, "உடல்நலம்" வேறு துறை என்று பிரித்து வைப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட எனக்குச் சான்று வேண்டாம். ஒரே காற்றோட்டக் குறை, ஒரே தெளிப்பான் குறை. இரண்டு மரணத்தையும் அதுதான் கொண்டுவருகிறது.

வள மேம்பாட்டுத் திட்டங்களைப் பற்றிய கேள்வி என்பதால், சுரங்கம் இன்னும் முழுதாகக் கட்டி முடியாத தொடக்க கட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். என் கணிப்பில் மிக ஆபத்தான காலம் அதுதான். முதலீட்டாளர்கள் முதல் உற்பத்தியை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். கடன் வட்டி ஏறும். காற்றோட்டமும் இரண்டாவது வெளியேறும் வழியும் "அடுத்த கட்டத்தில்" வரும் என்று எழுதப்பட்டிருக்கும். நியூசிலாந்தின் பைக் ரிவர் நிலக்கரிச் சுரங்கம் இதற்குப் பாடப்புத்தகம். 2010 நவம்பர் 19 அன்று அங்கே வெடித்து 29 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய 48 நாளில் மீத்தேன் வெடிக்கும் அளவை எட்டியதாக 21 பதிவுகள் இருந்தன என்று விசாரணை ஆணையம் கண்டது. அதற்குக் குறைவான, ஆனாலும் ஆபத்தான அளவுகள் இன்னும் 27 முறை. எல்லாம் தாளில் எழுதப்பட்டிருந்தன. எழுதியதைச் சேர்த்துப் படித்து நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை. இரண்டாவது வழி என்று இருந்தது காற்றோட்டக் கிணற்றில் ஒரு செங்குத்து ஏணி மட்டுமே. நீரைப் பீய்ச்சி நிலக்கரி வெட்டும் முறையைக் குறித்த தேதிக்குள் தொடங்கினால் தொழிலாளிகளுக்கு போனஸ் என்றும், வாரங்கள் தள்ளிப்போனால் தொகை குறையும் என்றும் அறிவித்திருந்தார்கள். கனடாவின் வெஸ்ட்ரே சுரங்கமும் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாமல் 1992 மே 9 அன்று வெடித்து 26 பேரைப் பலிகொண்டது.

ஆகவே, ஒரு புதிய திட்டத்துக்கு அனுமதி கொடுப்பவர்களிடம் நான் கேட்கும் முதல் நிபந்தனை எளிமையானது: முதன்மை மின்விசிறியும், சாதாரண உடல்நிலை உள்ள ஒருவர் புகையில்கூட நடந்து வெளியேறக்கூடிய இரண்டாவது வழியும் தயாராகும்வரை விற்பனைக்கான ஒரு டன்கூட வெளியே வரக் கூடாது. இந்த ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதினால் அவசரத்தின் திசையே மாறும். வருமானம் வேண்டும் என்பவர்களே மின்விசிறியைச் சீக்கிரம் கொண்டுவருவார்கள்.

கூரை விழுவது இன்னொரு பெரிய ஆபத்து. அனுபவசாலிகள் கம்பியால் கூரையைத் தட்டிப் பார்ப்பார்கள். உறுதியான பாறை கணீரென்று ஒலிக்கும். பிரிந்து நிற்கும் பாறை பொத்தென்று ஒலிக்கும். அந்தக் காது வர வருடங்கள் ஆகும். இன்று கூரைப் பாறையைத் தாங்க போல்ட் அடிக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. தாங்கு இல்லாத கூரைக்குக் கீழே ஒரு அடிகூட யாரும் போகக் கூடாது என்பதே அடிப்படை விதி. இந்த விதி மீறப்படும் இடத்தில் பெரும்பாலும் ஒரு குறைந்த நேரக் கெடு இருக்கும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, விபத்து வரைபடத்திலிருந்து கிளம்புகிறது. 1975 டிசம்பர் 27 அன்று இந்தியாவின் சாஸ்னாலா நிலக்கரிச் சுரங்கத்துக்குள் பழைய வெட்டுகளில் தேங்கியிருந்த நீர் பாய்ந்து 370க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2002இல் அமெரிக்காவின் குவேக்ரீக் சுரங்கத்தில் ஒன்பது பேர் நீரில் சிக்கினார்கள். பக்கத்தில் கைவிடப்பட்ட சுரங்கத்தின் வரைபடம் முழுமையாக இல்லாததால், சுவர் இன்னும் தூரத்தில் இருக்கிறது என்று நம்பி வெட்டியிருந்தார்கள். மேலிருந்து துளை போட்டு, 77 மணி நேரம் கழித்து ஒன்பது பேரையும் தூக்கினார்கள். பாடம் ஒன்றுதான்: பழைய வரைபடத்தை நம்பாதே. முகப்புக்கு முன்னால் நீளமான சோதனைத் துளை போட்டு, தண்ணீர் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகு வெட்டு. மூடும் சுரங்கம் ஒவ்வொன்றின் கடைசி வரைபடமும் அரசிடம் இருக்க வேண்டும்; அது நாற்பது வருடம் கழித்து வேலை செய்யப்போகும் யாரோ ஒருவருக்கான பாதுகாப்புக் கருவி.

திறந்தவெளிச் சுரங்கத்தில் வாயு பயம் இல்லை. சரிவும் வண்டியும்தான் பயம். வீடு உயரத்துக்கு நிற்கும் டம்பர் லாரியின் ஓட்டுநருக்கு முன்னால் நிற்கும் ஜீப்கூடத் தெரியாது. நடப்பவர், சிறு வண்டி, பெரிய வண்டி மூன்றுக்கும் தனித்தனிப் பாதை போடுவதே சரியான வழி. ஹாரனும் கொடியும் அதற்கு மாற்று ஆகாது. சரிவுக்கு ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். அமெரிக்காவின் யூட்டாவில் பிங்கம் கேன்யன் தாமிரச் சுரங்கத்தில் 2013 ஏப்ரல் 10 அன்று சுமார் 15 கோடி டன் பாறை சரிந்தது. சில பெரிய இயந்திரங்கள் புதைந்துபோயின. ஒருவருக்கும் காயம் இல்லை. சரிவைக் கண்காணிக்கும் ரேடாரும் மற்ற கருவிகளும் மலை நகர்வதை முன்பே காட்டின. காட்டியதை நம்பி, உற்பத்தி நஷ்டத்தைப் பார்க்காமல், ஆட்களை வெளியேற்றினார்கள். பைக் ரிவரிலும் எண்கள் இருந்தன, பிங்கமிலும் எண்கள் இருந்தன. ஒரு இடத்தில் அந்த எண்ணுக்கு வேலையை நிறுத்தும் அதிகாரம் இருந்தது.

கழிவு அணைகளையும் தொழிலாளர் பாதுகாப்பில் சேர்க்க வேண்டும். தாது அரைத்த பிறகு மிஞ்சும் சேற்றை அணை கட்டித் தேக்குவார்கள். பிரேசிலின் புருமாடின்யோவில் 2019 ஜனவரி 25 மதியம் அப்படிப்பட்ட ஒரு அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். தொழிலாளிகளின் கேன்டீனும் அலுவலகமும் அணைக்குக் கீழேயே இருந்தன. உடைந்தது சாப்பாட்டு நேரத்தில். கேன்டீனை எங்கே கட்டுவது என்பது ஒரு பாதுகாப்பு முடிவு என்று அதைக் கட்டியபோது யாருக்கும் தோன்றவில்லை. அரைத்த சேற்றின் மேலேயே அடுத்த படியைக் கட்டி உயர்த்தும் அந்த வகை அணையை பிரேசில் பிறகு தடைசெய்தது.

வெப்பம், சத்தம், டீசல் புகை மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் எம்போனெங் தங்கச் சுரங்கம் கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர் ஆழம். அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும், பனிக்கட்டிக் குழம்பை உள்ளே இறைத்துத்தான் வேலை நடக்கிறது. குளிரூட்டும் இயந்திரம் நின்றால் வேலையும் அப்போதே நிற்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வெப்பம் பழகச் சில நாட்கள் கொடுக்க வேண்டும். சத்தம் நாள் முழுதும் 85 டெசிபெலைத் தாண்டினால் நாளடைவில் காது நிரந்தரமாகக் கெடும். காது கெட்டவருக்குக் கூரை முறியும் சத்தமும் கேட்காது. டீசல் புகையைப் புற்றுநோய்க் காரணி என்று அதே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்துவிட்டது; நிலத்தடியில் மின்கல வண்டிகளுக்கு மாறுவது இதற்கு நேரடியான தீர்வு. யுரேனியம் இருக்கும் பாறையில் ரேடான் வாயுவும் சேர்ந்துகொள்ளும். அதற்கு நல்ல காற்றோட்டம் ஒன்றே மருந்து.

இப்போது முதலில் சொன்ன மீதிப் பகுதிக்கு, அதாவது வேலையை நிறுத்தச் சொல்லும் குரலுக்கு வருகிறேன். எவ்வளவு நல்ல வடிவமைப்பும் நாளடைவில் தேயும். தேய்வதை முதலில் பார்ப்பவர் முகப்பில் நிற்பவர். அவர் வாயைத் திறக்கிறாரா என்பதுதான் கேள்வி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 176ஆம் உடன்படிக்கை, 1995இல் நிறைவேறியது, சுரங்கத் தொழிலாளிக்குச் சில உரிமைகளைத் தெளிவாகச் சொல்கிறது: ஆபத்தை அறியும் உரிமை, ஆய்வு கேட்கும் உரிமை, தன் பாதுகாப்புப் பிரதிநிதியைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை, கடுமையான ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பினால் அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை. சட்டத்தில் இருப்பது ஒன்று, சுரங்கத்தில் நடப்பது ஒன்று. கான்ட்ராக்டரின் கீழ் தினக்கூலிக்கு வந்தவர் "நிறுத்துகிறேன்" என்றால் நாளை அவர் பெயர் பட்டியலில் இருக்காது. அதனால் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நேரடித் தொழிலாளிக்கும் ஒரே பயிற்சி, ஒரே பிரதிநிதி, ஒரே மருத்துவப் பரிசோதனை என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். நிறுத்திய நேரத்துக்கு முழுக் கூலி தர வேண்டும். டன் கணக்கிலான ஊக்கத்தொகையை ஒழிக்க வேண்டும்.

"இத்தனை நாள் விபத்தில்லை" என்ற பலகையையும் நான் விரும்புவதில்லை. அந்த எண்ணுக்குப் பரிசு கொடுத்தால் விரல் நசுங்கியவர் அதை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவார். எத்தனை முறை வேலை நிறுத்தப்பட்டது, சொன்ன குறை எத்தனை நாளில் சரிசெய்யப்பட்டது, தூசு அளவு வரம்பை எத்தனை ஷிப்டில் தாண்டியது ஆகியவற்றை வாசலில் எழுதி வையுங்கள். வெஸ்ட்ரேக்குப் பிறகு கனடா 2004இல் தன் குற்றவியல் சட்டத்தைத் திருத்தி, தொழிலாளர் பாதுகாப்பில் அலட்சியம் காட்டும் நிறுவனங்களையே குற்றவாளியாக்க வழி செய்தது. மேலிருப்பவருக்கு அந்தப் பயம் இருந்தால்தான் கீழிருப்பவரின் குரலுக்கு மதிப்பு வரும்.

சட்டமும் கண்காணிப்பும் பலன் தருமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு: அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் 1907இல் மட்டும் 3,242 பேர் இறந்தார்கள்; சமீப வருடங்களில் ஆண்டுக்கு இருபதுக்கும் குறைவு. ஆட்களும் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மை, ஆனால் மரண விகிதம் அதைவிடப் பல மடங்கு வேகமாக இறங்கியது. சீனாவில் 2002இல் சுமார் 7,000 பேர். 2020இல் அரசுக் கணக்குப்படி 300க்கும் குறைவு. இவை விபத்துக் கணக்குகள் மட்டும். நுரையீரல் கணக்கு இதில் இல்லை.

எல்லாம் தவறிய பிறகு மீட்பு. சிலியின் சான் ஹோசே சுரங்கத்தில் 2010இல் 33 பேர் 69 நாள் கழித்து உயிரோடு வந்ததை உலகமே பார்த்துக் கண்ணீர் விட்டது. ஆனால் முதல் நாளிலேயே அவர்கள் காற்றோட்டக் கிணறு வழியாக ஏற முயன்றார்கள். அங்கே இருந்திருக்க வேண்டிய ஏணி இல்லை. ஏணி இருந்திருந்தால் அன்றே வீடு போயிருக்கலாம். 2006இல் அமெரிக்காவின் சேகோ சுரங்கத்தில் வெடிப்புக்குப் பிறகு 12 பேர் இறந்தார்கள்; தங்கள் குழுவில் நான்கு பேரின் சுவாசக் கருவியாவது வேலை செய்யவில்லை என்று பிழைத்த ஒரே ஒருவர் சொன்னார். கார்பன் மோனாக்சைடு வாசனையற்றது, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். கருவியைப் போட்டுக்கொள்ள நிமிடங்கள்கூடக் கிடைக்காது. எனவே இருட்டில், நிஜப் புகை போன்ற சூழலில், நிஜக் கருவியோடு ஒத்திகை நடக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை கையெழுத்து வாங்கிக்கொள்ளும் பயிற்சி யாரையும் காப்பாற்றாது.

பெரிய சுரங்கங்களைப் பற்றியே பேசினேன். கையால் தோண்டும் சிறு சுரங்கங்களில் உலகெங்கும் கோடிக்கணக்கானோர் இருக்கிறார்கள். நைஜீரியாவின் சாம்ஃபாராவில் தங்கத் தாதை வீட்டு முற்றத்தில் அரைத்ததால் ஈயத் தூசு பரவி, 2010இல் மட்டும் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். இப்படித் தோண்டுபவர்களைச் சட்டவிரோதம் என்று துரத்தினால் இன்னும் ஆழமாக, இன்னும் இருட்டாகத் தோண்டுவார்கள். அரைப்பதைக் குடியிருப்பிலிருந்து தள்ளி ஈரமாகச் செய்யவும், பாதரசம் இல்லாமல் தங்கம் பிரிக்கவும் இடமும் கருவியும் கொடுப்பதே பலன் தருகிறது.

கடைசியாக, சுரங்கம் மூடிய பிறகு. சிலிக்கோசிஸ் பெரும்பாலும் பத்து, இருபது வருடம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் கான்ட்ராக்டர் மறைந்திருப்பார், நிறுவனம் கைமாறியிருக்கும், தொழிலாளி தன் ஊரில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் நீண்ட வழக்குக்குப் பிறகு 2019இல்தான் சுமார் 500 கோடி ராண்ட் இழப்பீட்டுக்கு நீதிமன்ற ஒப்புதல் பெற்றார்கள். 1965 முதல் வேலை பார்த்தவர்கள்வரை அதில் அடக்கம், பலர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. திட்டம் தொடங்கும்போதே இதற்கென ஒரு நிதியை நிறுவனத்தின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். வேலையில் சேர்ந்த நாளின் எக்ஸ்ரே, வருடாவருடம் எடுத்த எக்ஸ்ரே, அவர் நின்ற இடத்தின் தூசு அளவு ஆகிய எல்லாவற்றின் நகலும் தொழிலாளியின் கையிலேயே இருக்க வேண்டும். வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கும் அந்தக் காகிதக் கட்டைத்தான், இருபது வருடம் கழித்து அவருடைய மனைவியோ மகளோ எடுத்துக்கொண்டு டாக்டரிடமும் நீதிமன்றத்துக்கும் போகப்போகிறார்கள்.